இருபதா, இருபத்திரண்டா?

பட்டு நூல் வியாபாரத்தில் புழங்குகிற ஓர் எண்ணை இன்று எடுத்துக்கொள்வோம். ஆரணி, தேவிகாபுரம், போளூர் வட்டாரத்தில் தறி ஓடுகிற வீட்டுப் பிள்ளைகளுக்கு அது ஏற்கெனவே காதில் விழுந்த எண்ணாகத்தான் இருக்கும். கச்சாப் பட்டு வாங்கும்போது "என்ன டீனியர்?" என்று கேட்பார்கள். "இருபது இருபத்திரண்டு" என்று பதில் வரும். காகிதத்தில் 20/22 என்று எழுதுவார்கள்.

பார்த்தால் பின்னம்போலத் தெரியும். பின்னம் இல்லை. இந்த நூல் 20 டீனியருக்கும் 22 டீனியருக்கும் நடுவில் எங்கோ இருக்கிறது என்று பொருள். காசு கொடுத்து வாங்குகிற பொருளுக்கு ஒரே ஓர் எண்ணைச் சொல்லாமல் இரண்டைச் சொல்கிறார்களே, இது என்ன கணக்கு என்று உங்களுக்குத் தோன்றலாம். எனக்கு இது மிகவும் பிடித்த எண். தனக்கு எவ்வளவு தெரியும், எந்த இடத்துக்கு மேல் தெரியாது என்பதை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறது. ஓர் அளவை எப்படி எழுத வேண்டும் என்று அறிவியல் நமக்குக் கற்றுத்தருவதும் இதைத்தான். ஆகவே இந்த நூலைப் பிடித்துக்கொண்டே போவோம்.

முதலில் டீனியர் என்றால் என்ன? 9,000 மீட்டர் நீளமுள்ள நூல் எத்தனை கிராம் எடை இருக்கிறதோ அதுதான் அந்த நூலின் டீனியர். ஒன்பது கிலோமீட்டர் நூலை நிறுத்துப் பார்த்து 20 கிராம் இருந்தால் 20 டீனியர். 22 கிராம் இருந்தால் 22 டீனியர். எண் கூடக்கூட நூல் தடிமன்.

இங்கே ஒரு கேள்வி எழவேண்டும். தடிமன்தான் தெரிய வேண்டும் என்றால் நேராகத் தடிமனையே அளந்துவிடலாமே, எதற்காக நீளமும் எடையும்?

உயர்நிலைப் பள்ளி ஆய்வுக்கூடத்தில் திருகு அளவி என்று ஒரு கருவி இருக்கும். மெல்லிய கம்பி, கண்ணாடித் துண்டு போன்றவற்றை அதன் வாயில் வைத்துத் திருகினால் தடிமனைக் காட்டும். அது காட்டக்கூடிய மிகச் சிறிய அளவு 0.01 மில்லிமீட்டர். இதை அந்தக் கருவியின் மீச்சிற்றளவு என்கிறோம். உங்கள் ஜியோமெட்ரி பெட்டியில் இருக்கும் அளவுகோலின் மீச்சிற்றளவு 1 மில்லிமீட்டர். அதைவிடத் திருகு அளவி நூறு மடங்கு நுட்பமானது.

பட்டு நூலை அதில் வைத்தால் என்ன ஆகும்? பட்டின் அடர்த்தி ஒரு கன சென்டிமீட்டருக்குச் சுமார் 1.3 கிராம். இதை வைத்துக் கணக்குப் போட்டால் 20/22 நூலின் குறுக்களவு சுமார் 0.05 மில்லிமீட்டர் வருகிறது. 20 டீனியர் நூலுக்கும் 22 டீனியர் நூலுக்கும் குறுக்களவில் உள்ள வித்தியாசம் 0.002 மில்லிமீட்டர் அளவுதான். திருகு அளவி காட்டும் மிகச் சிறிய கோடே 0.01. ஆக, அதற்கு இரண்டு நூலும் ஒன்றுதான். போதாக்குறைக்குப் பட்டு மிருதுவானது. திருகினால் நசுங்கும். நசுங்கிய நூலைத்தான் அளப்போம்.

பட்டுக்காரர்கள் வேறு வழி கண்டுபிடித்தார்கள். சுற்றளவு 1.125 மீட்டர் உள்ள ஓர் இராட்டையில் நூலை 400 சுற்றுச் சுற்றினால் 450 மீட்டர் கிடைக்கும். அந்தச் சிட்டத்தை எடுத்து நிறுக்கிறார்கள். 450 மீட்டர் என்பது 9,000 மீட்டரில் இருபதில் ஒரு பங்கு. ஆகவே சிட்டத்தின் எடையைக் கிராமில் எடுத்து 20-ஆல் பெருக்கினால் டீனியர் வந்துவிடும். 20 டீனியர் நூலின் சிட்டம் 1.00 கிராம் இருக்கும். 22 டீனியர் நூலின் சிட்டம் 1.10 கிராம் இருக்கும். நூலின் குறுக்கே பார்க்கும்போது கண்ணுக்கே தெரியாமல் ஒளிந்திருந்த வித்தியாசம், நானூறு சுற்றுச் சுற்றியதும் பத்தில் ஒரு கிராமாகத் தராசில் வந்து உட்காருகிறது. அளவெடுக்கும் கலையில் எனக்குத் தெரிந்த அழகான தந்திரங்களில் இது ஒன்று. சிறியதைப் பெரிதாகத் திரட்டி அளந்து, பிறகு வகுத்துக்கொள்வது.

இப்போது ஒரே சிட்டத்தை மூன்று தராசுகளில் வைத்துப் பார்ப்போம்.

முதல் தராசு முழுக் கிராம் மட்டும் காட்டும். சிட்டத்தை வைத்தால் "1" என்று காட்டுகிறது. 20-ஆல் பெருக்கி, "20 டீனியர்" என்று எழுதிவிடலாமா? கொஞ்சம் நில்லுங்கள். அந்தத் தராசு அரைக் கிராமிலிருந்து ஒன்றரைக் கிராம் வரை எதை வைத்தாலும் "1" என்றுதான் காட்டும். அப்படியானால் நம் நூல் 10 டீனியராகவும் இருக்கலாம், 30 டீனியராகவும் இருக்கலாம். அந்தத் தராசு பட்டுக்கு உதவாது.

இரண்டாவது தராசு பத்தில் ஒரு கிராம் வரை காட்டும். அதில் "1.1" வருகிறது. உண்மையான எடை 1.05-க்கும் 1.15-க்கும் நடுவில் இருக்க வேண்டும். டீனியர் 21-க்கும் 23-க்கும் நடுவில். பரவாயில்லை, பக்கத்தில் வந்துவிட்டோம்.

மூன்றாவது தராசு நூறில் ஒரு கிராம் வரை காட்டும். "1.07". டீனியர் 21.4. உண்மை 21.3-க்கும் 21.5-க்கும் நடுவில் எங்கோ.

1, 1.1, 1.07. மூன்றும் ஒரே சிட்டத்தின் எடைதான். ஆனால் மூன்றும் ஒரே செய்தியைச் சொல்லவில்லை. முதல் எண்ணில் நம்பத் தகுந்த இலக்கம் ஒன்று, இரண்டாவதில் இரண்டு, மூன்றாவதில் மூன்று. இப்படி ஓர் அளவீட்டில் உண்மையாகவே அளந்து தெரிந்துகொண்ட இலக்கங்களைத்தான் உங்கள் மேல்வகுப்புப் பாடநூல் முக்கிய எண்ணுருக்கள் என்கிறது. உறுதியாகத் தெரிந்த இலக்கங்கள் எல்லாம், அவற்றோடு சற்றே சந்தேகத்துக்குரிய கடைசி இலக்கம் ஒன்று. அவ்வளவுதான் எழுதலாம். அதற்குமேல் எழுதினால், அளக்காததை அளந்ததாகச் சொல்கிறோம் என்று ஆகிவிடும்.

சரி, இன்னும் நல்ல தராசு வாங்கினால்? ஆயிரத்தில் ஒரு கிராம் காட்டும் தராசில் வைத்தால் 1.068 என்று வருகிறது என்று வைத்துக்கொள்வோம். இன்னும் ஓர் இலக்கம் கிடைத்துவிட்டதே! கிடைக்கவில்லை. பட்டு காற்றில் உள்ள ஈரத்தை உறிஞ்சும். நன்றாக உலர்ந்த 100 கிராம் பட்டு, வழக்கமான சோதனைக்கூடக் காற்றில் சுமார் 11 கிராம் ஈரத்தை வாங்கி வைத்துக்கொள்ளும் என்பது வியாபாரத்தில் ஏற்றுக்கொள்ளப்பட்ட கணக்கு. கத்திரி வெயிலில் எடுத்த எடையும் ஐப்பசி மழையில் எடுத்த எடையும் ஒன்றாக இருக்க வழியே இல்லை. ஈரம் நூறில் ஒரு பங்கு கூடினாலே நம் சிட்டத்தின் எடை 0.01 கிராம் ஏறிவிடும். மூன்றாவது தசம இடத்தில் அந்தத் தராசு காட்டுவது பட்டைப் பற்றிய செய்தியா, அன்றைய வானிலையைப் பற்றிய செய்தியா? கருவி நுட்பமாக இருந்தால் மட்டும் போதாது. அளக்கப்படும் பொருளிடமும் அந்த இலக்கம் இருக்க வேண்டும்.

பட்டிடம் அது ஏன் இல்லை என்பதற்குக் காரணம் புழுவிடம் இருக்கிறது. ஒரு கூட்டிலிருந்து வரும் இழை 2 அல்லது 3 டீனியர்தான். அதுவும் முதலிலிருந்து கடைசிவரை ஒரே சீராக இருக்காது, முடிவை நெருங்க நெருங்க மெலியும். அப்படிப்பட்ட எட்டு, பத்துக் கூடுகளை வெந்நீரில் போட்டு, இழைகளைச் சேர்த்துத்தான் ஒரு நூலாக எடுக்கிறார்கள். ஒரு கூடு தீர்ந்ததும் இன்னொன்றின் முனையைக் கோர்க்கிறார்கள். இந்த நூலில் ஓரிடம் சற்றுத் தடித்தும் ஓரிடம் சற்று மெலிந்தும் இருப்பது யாருடைய குற்றமும் அல்ல. ஒரே பொதியில் அடுத்த சிட்டத்தை நிறுத்தால் 1.03 வரும், அதற்கடுத்தது 1.09 காட்டும். ஆகவேதான் கடைக்காரர் "21.36" என்று சொல்வதில்லை. 20/22 என்கிறார்.

எண்ணிக்கைக்கு மட்டும் இந்தச் சங்கடம் கிடையாது. ஒரு பாவில் எத்தனை இழை ஓடுகிறது, அலமாரியில் எத்தனை சேலை இருக்கிறது என்பவை எண்ணிச் சொல்பவை. மூன்று சேலை என்றால் மூன்றுதான், 3.02 சேலை என்று ஒன்று இல்லை. எண்ணுவதில் சந்தேக இலக்கம் இல்லை. அளப்பதில் எப்போதும் உண்டு.

பூஜ்யத்திடம் வருவோம். இந்தப் பாடத்தில் பிள்ளைகளை அதிகமாகக் குழப்புவது பூஜ்யம்தான்.

வீட்டில் நகைக்கடை ரசீது இருந்தால் வாங்கிப் பாருங்கள். ஒரு பவுன் காசு வாங்கியிருந்தால் எடை "8" என்று போட்டிருக்காது. "8.000 கிராம்" என்று போட்டிருக்கும். கணக்குப் பாடத்தில் 8-உம் 8.000-உம் சமம், அந்த மூன்று பூஜ்யத்தையும் அடித்துவிடலாம். அளவுப் பாடத்தில் அடிக்கக் கூடாது. "8" என்றால் ஏழரைக்கும் எட்டரைக்கும் நடுவே என்றுதான் உறுதி. தங்கத்தில் அரைக் கிராம் என்றால் ஆயிரக்கணக்கில் ரூபாய். "8.000" என்றால் மில்லிகிராம் வரைக்கும் பார்த்தோம், அந்த இடங்களில் எல்லாம் பூஜ்யம்தான் இருந்தது என்று பொருள். அந்தப் பூஜ்யங்கள் அளந்து பெற்ற பூஜ்யங்கள். அவற்றுக்கு மதிப்பு உண்டு.

அதே நகையில் 916 என்ற முத்திரை இருக்கும். 22 காரட் என்றால் 24 பங்கில் 22 பங்கு தங்கம். 22-ஐ 24-ஆல் வகுத்தால் 0.916666... என்று ஆறுகள் நிற்காமல் வரும். முத்திரையில் ஆயிரத்துக்கு 916 என்று மூன்று இலக்கத்தோடு நிறுத்திக்கொள்கிறார்கள். நகைக்கு அது போதும்.

எண்ணுக்கு முன்னால் வருகிற பூஜ்யத்தின் கதை வேறு. 50 கிராம் என்பதை 0.050 கிலோகிராம் என்றும் எழுதலாம். முன்னால் உள்ள இரண்டு பூஜ்யமும் புள்ளி எங்கே இருக்கிறது என்று காட்ட மட்டும் வந்தவை. அலகை மாற்றினால் காணாமல் போகும். அவை கணக்கில் சேராது. கடைசியில் நிற்கிற பூஜ்யம் அளந்து வந்தது, அது சேரும்.

முழு எண்ணின் கடைசியில் வரும் பூஜ்யம்தான் பெரிய சிக்கல். அதற்கு எவரெஸ்ட் சிகரம் வரை போக வேண்டும். போவதற்கு முன் பெருக்கலையும் கூட்டலையும் பார்த்துவிடுவோம்.

ஒரு சேலையை விரித்து அளவு நாடாவால் அளக்கிறீர்கள். நீளம் 5.47 மீட்டர், அகலம் 1.21 மீட்டர். பரப்பளவு எவ்வளவு? கால்குலேட்டர் 6.6187 சதுர மீட்டர் என்று சொல்லும். அப்படியே எழுதிவிடாதீர்கள். சென்டிமீட்டர் வரை அளந்திருக்கிறோம். அதாவது நீளம் 5.465-க்கும் 5.475-க்கும் நடுவில், அகலம் 1.205-க்கும் 1.215-க்கும் நடுவில். சிறியதைச் சிறியதோடும் பெரியதைப் பெரியதோடும் பெருக்கிப் பாருங்கள். பரப்பளவு சுமார் 6.59-க்கும் 6.65-க்கும் நடுவில் எங்கு வேண்டுமானாலும் இருக்கலாம். இதில் 6.6187-இன் கடைசி 87-க்கு என்ன வேலை? 6.62 என்று எழுதினால் போதும். மூன்று இலக்கம் உள்ள எண்ணை மூன்று இலக்கம் உள்ள எண்ணால் பெருக்கினோம், விடையிலும் மூன்று இலக்கம் வைத்துக்கொண்டோம். ஒன்றில் குறைவாக இருந்தால் குறைவானதைத்தான் பின்பற்ற வேண்டும். வகுத்தலுக்கும் இதேதான்.

கூட்டலில் தசம இடத்தைப் பார்க்க வேண்டும். போளூரிலிருந்து திருவண்ணாமலை சுமார் 35 கிலோமீட்டர். உங்கள் வீட்டிலிருந்து பேருந்து நிலையம் 250 மீட்டர். மொத்தம் 35.25 கிலோமீட்டர் என்று சொல்லத் தோன்றும். ஆனால் அந்த 35 என்பதே அரைக் கிலோமீட்டர் முன்பின்னாக இருக்கலாம். அதன்மேல் 250 மீட்டரைக் கூட்டினாலும் மொத்தம் 35-தான்.

அலகை மாற்றும்போதும் இலக்கம் தானாக முளைக்கும், கவனமாக இருங்கள். காய்ச்சல் மானியில் 98.6 என்ற எண் உங்களுக்குத் தெரியும். 1868-இல் ஜெர்மானிய மருத்துவர் கார்ல் வுண்டர்லிக் ஆயிரக்கணக்கானவர்களின் உடல் வெப்பத்தை அளந்து எழுதிய நூலால் பரவிய எண் இது. செல்சியஸில் அது 37. அதை 9-ஆல் பெருக்கி, 5-ஆல் வகுத்து, 32-ஐக் கூட்டினால் சரியாக 98.6 வரும். மாற்றிய உடனே ஒரு தசமம் வந்து ஒட்டிக்கொண்டது, ஆனால் உடம்பைப் பற்றிப் புதிதாக ஒன்றும் தெரிந்துவிடவில்லை. காலையில் ஒரு வெப்பம், மாலையில் ஒரு வெப்பம் என்று உடம்பு மாறிக்கொண்டே இருக்கும் என்பது வுண்டர்லிக்குக்கே தெரியும். 98.8 காட்டியதும் பள்ளிக்கு விடுப்புக் கேட்க முடியாது!

இப்போது எவரெஸ்ட். அந்தக் கதை நம் சென்னையில்தான் தொடங்குகிறது.

1802-இல் வில்லியம் லாம்டன் என்ற ஆங்கிலேய அதிகாரி, பரங்கிமலைக்குப் பக்கத்தில் தரையில் ஒரு நேர்கோட்டை அளந்தார். ஏழரை மைல் நீளம். அந்த ஒரு கோட்டை அடிப்படையாக வைத்து, முக்கோணத்தின்மேல் முக்கோணமாக, கோணங்களை மட்டும் அளந்துகொண்டே இந்தியா முழுவதையும் அளப்பது திட்டம். அடிக்கோட்டில் பிழை இருந்தால் நாடு முழுக்கப் பிழை பரவும். ஆகவே அவர் அதற்கு எடுத்துக்கொண்ட அக்கறை கொஞ்சநஞ்சமல்ல. அளக்கும் கருவி 100 அடி நீள எஃகுச் சங்கிலி, இரண்டரை அடிக் கண்ணிகள் நாற்பது. அதைத் தரையில் இழுத்துப் போட்டு அளக்கவில்லை. முக்காலிகளின்மேல் மரப் பெட்டிகளை வரிசையாக வைத்து, அதற்குள் சங்கிலியைக் கிடத்தினார்கள். வெயில் படாமல் கூடாரத் துணியால் நிழல் கட்டினார்கள். பெட்டிகளுக்குள் வெப்பமானிகளை வைத்து ஒவ்வொரு முறையும் குறித்துக்கொண்டார்கள்.

எஃகு சூட்டில் நீளும், அதனால்தான் வெப்பமானி. எவ்வளவு நீளும் என்று கணக்குப் பாருங்கள். வெப்பம் ஒரு டிகிரி செல்சியஸ் கூடினால் எஃகு தன் நீளத்தில் பத்து லட்சத்தில் சுமார் 11 அல்லது 12 பங்கு நீளும். ஏழரை மைல் என்றால் சுமார் 12 கிலோமீட்டர். அத்தனை நீளத்துக்கு ஒரு டிகிரி தவறினால் கிட்டத்தட்ட 14 சென்டிமீட்டர் பிசகும். சென்னைச் சித்திரை வெயிலில் சங்கிலியின் வெப்பத்தை டிகிரியில் சிறு பங்குவரை சரியாகத் தெரிந்துகொள்வது எவ்வளவு கடினம்!

எல்லாத் திருத்தமும் செய்து லாம்டன் எழுதிய நீளம் 40,006.4418 அடி. அடியில் நான்காவது தசம இடம்! அது 0.03 மில்லிமீட்டர். நம் பட்டு நூலின் குறுக்களவைவிடக் குறைவு. 12 கிலோமீட்டரை ஒரு பட்டிழைக்குள் அடக்கிவிட்டாரா? இல்லை. அதற்கு அவருடைய வேலையே சாட்சி. முக்கோணங்களைக் கட்டிக்கொண்டே பெங்களூர் வரை போனதும், 1804-இல் அங்கே இன்னோர் அடிக்கோட்டைச் சங்கிலியால் அளந்து பார்த்தார்கள். சென்னைக் கோட்டிலிருந்து கணக்கிட்டு வந்த நீளத்துக்கும், நேரில் அளந்த நீளத்துக்கும் 3.7 அங்குலம் வித்தியாசம் இருந்தது. ஏறக்குறைய 9 சென்டிமீட்டர். சுமார் ஏழு மைல் கோட்டில், இத்தனை மலை தாண்டி வந்தபின் ஒன்பதே சென்டிமீட்டர் வித்தியாசம் என்பது அந்தக் காலத்தில் அசாதாரணமான சாதனை. அதே சமயம் நான்காவது தசமத்தை நம்ப முடியாது என்பதையும் அது காட்டிவிடுகிறது.

அப்படியானால் லாம்டன் தவறு செய்தாரா? அப்படி நான் சொல்ல மாட்டேன். அவருக்கு அது முடிவு அல்ல, அடுத்த கணக்குக்கான தொடக்கம். நீண்ட கணக்கின் நடுவே ஒவ்வொரு படியிலும் இலக்கத்தை வெட்டிக்கொண்டே போனால் வெட்டிய துணுக்குகள் எல்லாம் சேர்ந்து பெரிய பிழையாகிவிடும். நடுவில் ஒன்றிரண்டு இலக்கம் கூடவே வைத்துக்கொண்டு, கடைசி விடையில் மட்டும் முழுமைப்படுத்துவதுதான் சரியான முறை. உங்கள் செய்முறை நோட்டிலும் அப்படியே செய்யுங்கள்.

சென்னையில் தொடங்கிய முக்கோண வலை ஏறக்குறைய அரை நூற்றாண்டில் இமயமலை அடிவாரத்தைத் தொட்டது. நேபாளத்துக்குள் போக அனுமதி இல்லை. 1849, 1850-இல் சமவெளியில் ஆறு இடங்களில் கருவியை வைத்து, நூறு மைலுக்கும் அப்பால் தெரிந்த ஒரு வெள்ளை முனையின் கோணத்தை அளந்தார்கள். கணக்குப் பிரிவின் தலைவராக வங்காளத்தைச் சேர்ந்த ராதாநாத் சிக்தர் இருந்தார். ஆறு இடங்களிலிருந்தும் கிடைத்த உயரம் அடியில் இதோ: 28,991.6, 29,005.3, 29,001.8, 28,998.6, 29,026.1, 28,990.4. நோட்டை எடுத்து நீங்களே சராசரி பாருங்கள். 29,002.3 வரும். 1856-இல் உலகத்துக்கு 29,002 அடி என்று அறிவித்தார்கள்.

இதைப் பற்றி ஒரு கதை இன்றைக்கும் உலவுகிறது. உண்மையில் விடை சரியாக 29,000 அடி வந்ததாம். முழு எண்ணாக இருந்தால் குத்துமதிப்பாகச் சொன்னதாக உலகம் நினைத்துவிடும் என்று அஞ்சி 2 அடியைச் சேர்த்துவிட்டார்களாம். ஆறு எண்களும் கண்முன் இருக்கின்றன, சராசரியும் நீங்களே பார்த்துவிட்டீர்கள். யாரும் 2 அடியை ஒட்டவைக்கத் தேவையே இல்லை. ஆனாலும் அந்தக் கதை ஒரு நிஜமான சிக்கலிலிருந்துதான் பிறந்திருக்கிறது. "29,000" என்று எழுதினால், ஆயிரம் அடி வரைதான் பார்த்தார்களா, ஒவ்வோர் அடியாகப் பார்த்தும் பூஜ்யமாகவே வந்ததா என்று படிப்பவருக்குத் தெரியாது. மூன்று பூஜ்யமும் ஊமையாக நிற்கும். இதற்காகத்தான் அறிவியலில் 10-இன் அடுக்காக எழுதும் வழக்கம் இருக்கிறது. 2.9 × 10⁴ என்றால் இரண்டு இலக்கம்தான் தெரியும். 2.9000 × 10⁴ என்றால் ஐந்தும் தெரியும். சந்தேகத்துக்கே இடம் இல்லை.

அந்த ஆறு எண்களை இன்னொரு முறை பாருங்கள். மிகச் சிறியதற்கும் பெரியதற்கும் கிட்டத்தட்ட 36 அடி வித்தியாசம். ஆகவே 29,002-இல் உள்ள அந்த 2 வலுவான இலக்கம் இல்லை. இதைவிட முக்கியமான செய்தி ஒன்று இருக்கிறது. 2020 டிசம்பரில் நேபாளமும் சீனாவும் சேர்ந்து அறிவித்த உயரம் 8,848.86 மீட்டர். அடியில் ஏறக்குறைய 29,032. ஆறு எண்களில் மிகப் பெரியது எது? 29,026. ஆறுமே இன்றைய அளவைவிடக் குறைவு! ஒன்று கூடவும் ஒன்று குறையவும் வந்திருந்தால் சராசரி எடுக்கும்போது பிழைகள் ஒன்றையொன்று தின்றிருக்கும். எல்லாம் ஒரே பக்கம் சாய்ந்திருந்தால் ஆறு என்ன, அறுபது முறை அளந்தாலும் சராசரி காப்பாற்றாது. நூறு மைல் காற்றைக் கடந்து வரும் ஒளி வளைந்து வருகிறது. அந்த வளைவுக்கு எவ்வளவு கழிக்க வேண்டும் என்பது அந்நாளில் சரியாகப் பிடிபடவில்லை. பிழையில் பெரும்பங்கு அங்கேதான்.

அளவுகள் ஒன்றுக்கொன்று நெருங்கி வருவது ஒன்று, உண்மைக்கு நெருங்கி வருவது வேறொன்று. முதலாவதை நுட்பம் என்றும், இரண்டாவதைத் துல்லியத்தன்மை என்றும் பாடநூல் பிரித்துச் சொல்கிறது. முள் பூஜ்யத்தில் நிற்காத தராசில் பத்து முறை நிறுத்தால் பத்து முறையும் ஒரே எடை வரும், பத்தும் தவறாகவே இருக்கும். நிறைய தசமம் காட்டும் கருவி நுட்பமானது என்று சொல்லலாம். சரியானதா என்பதை அந்தத் தசமங்கள் சொல்லாது. நன்றாகத் தெரிந்த வேறோர் அளவோடு ஒப்பிட்டுத்தான் அதைக் கண்டுபிடிக்க வேண்டும். பெங்களூரில் இரண்டாவது கோட்டை அளந்து பார்த்தது அதற்காகத்தான்.

உங்களுக்கு ஒரு வேலை தருகிறேன். தையல் நூல், பென்சில், அளவுகோல் மூன்றும் போதும். பென்சிலின்மேல் நூலை இடைவெளி விடாமல், ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல், நெருக்கமாக 50 சுற்றுச் சுற்றுங்கள். சுற்றிய அகலத்தை மில்லிமீட்டரில் அளந்து 50-ஆல் வகுத்தால் நூலின் தடிமன் கிடைக்கும். பிறகு 100 சுற்றுச் சுற்றி, அதே போலச் செய்து பாருங்கள். நண்பர்களையும் தனித்தனியாகச் செய்யச் சொல்லுங்கள், ஒருவர் விடையை மற்றவர் பார்க்காமல். யாருடைய விடையில் எத்தனை இலக்கம் எழுதலாம், 50 சுற்றைவிட 100 சுற்றில் என்ன கூடியது என்று பேசி முடிவெடுங்கள். எல்லோருடைய விடையும் ஒத்துப்போனாலும் பென்சிலில் நூலை இறுக்கிச் சுற்றியதால் அது மெலிந்திருக்குமா என்பதையும் யோசியுங்கள். கால்குலேட்டர் எட்டு இலக்கம் காட்டும். நீங்கள் அளந்த அளவுக்கு மட்டும் நோட்டில் எழுதுங்கள், பக்கத்திலேயே எந்த அளவுகோல், அதன் மீச்சிற்றளவு என்ன என்பதையும் குறித்து வையுங்கள். "ஏன் இத்தோடு நிறுத்தினாய்?" என்று ஆசிரியர் கேட்டால் காரணத்தைச் சொல்லுங்கள்.